லூப்பில் அகப்பட்ட ஆச்சியின் குரல்

கிளிநொச்சியில் மின்னிசை செய்கிற இளைஞர்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள். அவர்களுடைய இசை வானொலியில் போகாது. கலியாண வீட்டு டிஜேயும் அதைப் போடமாட்டார். டெக்னோ, டிரம் அன்ட் பேஸ், சைட்ரான்ஸ் என்று தங்களுக்குள் வகை பிரித்துக்கொண்டு, மடிக்கணினியில் செய்து, இணையத்தில் ஏற்றிவிட்டு, கொழும்பிலோ ரொறன்ரோவிலோ யாராவது கேட்பார்கள் என்று காத்திருக்கிறவர்கள். திருவிழாக்களுக்கும் கலியாணங்களுக்கும் ஒலி அமைப்புச் செய்வது என் தொழில் என்பதால், தங்கள் பாட்டை நல்ல ஸ்பீக்கரில் போட்டுக் கேட்க ஆசைப்பட்டு என் கடைக்கு வருவார்கள். வந்தால் லேசில் போகமாட்டார்கள். அண்மைக் காலமாக அங்கே பேச்சு எதில் தொடங்கினாலும் களவில்தான் போய் முடிகிறது. இன்னாருடைய பேஸ் லைனை (அடிநாத வரியை) இன்னார் எடுத்துவிட்டார், இந்த ட்ரக் (இசைப்பதிவு) அந்த ட்ரக்கின் அச்சு, இவர் காசு கொடுத்து வேறு ஆளைக்கொண்டு செய்வித்துவிட்டுத் தன் பெயரைப் போட்டிருக்கிறார் என்று ஒவ்வொருவரிடமும் ஒரு வழக்கு இருக்கிறது. எனக்கு என்னவோ, களவு என்று இவர்கள் சத்தம் போடும் இடங்களில் பாதிக்கு மேல் களவே இல்லை என்றும், உண்மையில் களவு நடக்கிற இடத்தில் சத்தமே எழுவதில்லை என்றும் படுகிறது.

ஒரே மாதிரிக் கேட்கிறது என்பது முதலில் ஒரு குற்றச்சாட்டே ஆகாது. ரோலண்ட் நிறுவனம் 1980களின் தொடக்கத்தில் டிபி-303 என்றொரு சிறிய கருவியை விற்பனைக்கு விட்டது; தனியாகக் கிற்றார் வாசிப்பவருக்குப் பக்கத்தில் பேஸ் வாசிக்க ஆள் இல்லாத குறையைத் தீர்ப்பது அதன் நோக்கம். அந்த வேலைக்கு அது உதவவில்லை. 1984இல் உற்பத்தியை நிறுத்திவிட்டார்கள். கருவிகள் பழைய சாமான் விலைக்குப் போயின. அதை மலிவாக வாங்கிக் குமிழ்களைக் கண்டபடி திருகிய சிக்காகோ இளைஞர்கள், ஃபியூச்சர் என்ற பெயரில் 1987இல் வெளியிட்ட இசைத்தட்டோடுதான் அசிட் ஹவுஸ் என்ற வகை பிறந்தது என்று பொதுவாகச் சொல்வார்கள். ஆனால் பம்பாயில் திரைப்பட இசைக்குழுக்களில் வாசித்துக்கொண்டிருந்த சரண்ஜித் சிங், அதற்குச் சில வருடங்கள் முன்னரே, 1982இல், அதே கருவியை வைத்துப் பத்து இராகங்களை டிஸ்கோ தாளத்தில் வாசித்துப் பதிந்திருந்தார். அது அந்நேரம் விலைபோகவில்லை. 2010இல் மறுபதிப்பாக வந்தபோது, யாரோ இப்போது செய்துவிட்டுப் பழையது என்று ஏமாற்றுகிறார்களோ என்றுகூடச் சிலர் ஐயப்பட்டார்கள். சிக்காகோக்காரர் சிங்கைப் பார்த்து எடுத்ததாக யாரும் சொல்வதில்லை. ஒரு சுரத்திலிருந்து அடுத்த சுரத்துக்கு அந்தக் கருவி வழுக்குகிற விதம் கருவிக்கே உரியது. யார் கையில் கிடைத்தாலும் அது அப்படித்தான் வழுக்கும். வேகம், தாளக்கட்டு, கருவியின் நாதம் ஆகியவற்றுக்குப் பதிப்புரிமை கேட்பது வீண் வேலை என்று பெடியளுக்குச் சொல்லிச் சொல்லி எனக்கு அலுத்துவிட்டது.

ஒருவர் பதிந்த ஒலியையே வெட்டி எடுப்பது வேறு கதை. வானொலிக்கும் பெரிய கொம்பனிகளுக்கும் வெளியே இவர்களைப் போன்றவர்கள் செய்கிற நிலத்தடி இசை முழுவதும் அந்த வெட்டிலிருந்துதான் வளர்ந்தது என்று சொன்னாலும் பெரிய பிழை இல்லை. த வின்ஸ்டன்ஸ் என்ற அமெரிக்கக் குழு 1969இல் வெளியிட்ட ஓர் இசைத்தட்டின் மறுபக்கத்தில் 'ஏமென், பிரதர்' என்றொரு வாத்தியப் பாட்டு இருக்கிறது. அதன் நடுவில் மற்ற எல்லாரும் நிறுத்திவிட, டிரம்ஸ் வாசித்த கிரெகரி கோல்மன் மட்டும் நான்கு தாள வட்டம், ஏறக்குறைய ஆறு வினாடி, தனியாக அடிக்கிறார். 1980களில் ஹிப் ஹொப் செய்தவர்கள் அந்தத் துண்டைக் கண்டெடுத்தார்கள்; 1990களின் தொடக்கத்தில் இங்கிலாந்தில் ஜங்கிள் இசை செய்தவர்கள் அதை வேகமாக்கி, துண்டு துண்டாக நறுக்கி, வரிசை மாற்றி அடுக்கி, அதிலிருந்து ஒரு முழு இசை வகையையே கட்டினார்கள். ஆயிரக்கணக்கான பதிவுகளில் அந்த ஆறு வினாடி இருக்கிறது. உரிமை குழுத் தலைவர் ரிச்சர்ட் ஸ்பென்சரின் பெயரில் இருந்தது. நடப்பது அவருக்குத் தெரிய வந்ததே 1990களின் நடுப்பகுதியில்தான். கோல்மன் 2006இல் வீடற்ற வறியவராக இறந்தார். 2015இல் பிரித்தானிய இரசிகர்கள் இணையத்தில் காசு சேர்த்து ஸ்பென்சருக்கு 24,000 பவுண் கொடுத்தார்கள். அடித்த கைக்கு ஒன்றும் போகவில்லை.

இந்தக் கதையைச் சொன்னால் கடையில் இரண்டு கட்சி உடனே பிரியும். அந்தத் துண்டை நறுக்கியவர்கள் புதிதாக ஒன்றைச் செய்தார்கள் என்பதும் உண்மை, கோல்மன் ஏமாற்றப்பட்டார் என்பதும் உண்மை; ஒன்றைச் சொல்லி மற்றதை மறைக்க முடியாது என்பது என் கட்சி. நறுக்கியவர்கள் யாரும் அதைத் தாங்கள் அடித்த தாளம் என்று சொல்லிக்கொள்ளவில்லை என்பதையும் கவனிக்க வேண்டும். கேட்பவருக்கு அது எங்கிருந்து வந்தது என்று தெரியும். தெரிந்து ரசிப்பதுதான் அந்த இசையின் பாதி.

நீதிமன்றங்கள் இதில் ஒரே குரலில் பேசியதில்லை. 1991இல் நியூயோர்க்கில் ராப் பாடகர் பிஸ் மார்க்கிக்கு எதிரான வழக்கில் நீதிபதி தன் முடிவை 'களவு செய்யாதிருப்பாயாக' என்ற விவிலியக் கட்டளையோடு தொடங்கினார். 2005இல் ஓர் அமெரிக்க மேன்முறையீட்டு நீதிமன்றம் அனுமதி வாங்கு அல்லது எடுக்காதே என்றது. 2016இல் இன்னொன்று, மடோனாவின் பாட்டொன்றில் இருந்த 0.23 வினாடி ஊதுகருவி ஒலியைச் சாதாரண இரசிகர் அடையாளம் காணமாட்டார், ஆகவே குற்றமில்லை என்றது. ஜேர்மனியின் கிராஃப்ட்வேர்க் 1977இல் பதிந்த இரண்டு வினாடித் தாளத்தை 1997இல் இன்னொருவர் எடுத்தது பற்றிய வழக்கு இருபது வருடம் இழுபட்டு 2019இல் ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம்வரை போனது. கிளிநொச்சியில் இருந்து இதைப் படிக்கிறவருக்கு இதிலிருந்து தெரிகிற ஒரே விசயம், வழக்காட இரண்டு பக்கத்துக்கும் காசு இருந்தது என்பதுதான்.

எங்களுக்கு இசை வந்து சேர்ந்த வழியே பிரதி எடுத்தல்தான். 1990களில் பொருளாதாரத் தடை காரணமாக வன்னிக்குள் பற்றரி வராத காலத்தில், சைக்கிளை நிறுத்தி வைத்து ஒருவர் பெடலைச் சுற்ற, டைனமோவில் இருந்து வருகிற மின்னில் வானொலியும் ஒலிநாடாவும் ஓடின. சுற்றுகிறவர் களைத்தால் பாடுகிறவரின் குரலும் தடித்துத் தாழும். புதிய ஆள் ஏறினால் குரல் மறுபடி மேலே வரும். ஒரு நாடாவிலிருந்து இன்னொரு நாடாவுக்கு, அதிலிருந்து வேறொன்றுக்கு என்று எடுத்து எடுத்து, கடைசியாகக் கிடைத்த பிரதியில் பாட்டைவிட இரைச்சல்தான் கூட. அந்தப் பாட்டுகளுக்கு யாரும் உரிமைத்தொகை கட்டவில்லை, அதற்காக இன்று வெட்கப்படவும் எனக்குக் காரணம் தெரியவில்லை. இப்போதும், என் கடையில் களவைப் பற்றி ஆகக் கூடச் சத்தம் போடுகிற பெடியனின் மடிக்கணினியில் இருக்கிற எஃப்எல் ஸ்டூடியோ என்ற இசை மென்பொருள் காசு கட்டாமல் கிராக் செய்யப்பட்டதுதான். அதை நான் சுட்டிக் காட்டினால், "அண்ணை, அது பெரிய கொம்பனி" என்பான். விளையாட்டாகச் சொன்னாலும் அதில் நிலத்தடி இசையின் எழுதாத சட்டம் முழுவதும் இருக்கிறது. பெரியவரிடம் எடுக்கலாம், சிறியவரிடம் எடுக்கக் கூடாது. எடுத்தால் எடுத்தது மாறியிருக்க வேண்டும். காசு வந்தால் ஆளைத் தேடிப் போக வேண்டும். பிரபலமான பாடகி ஒருவரின் குரலைக் கேட்காமல் எடுத்து, பெயர் அச்சிடாத வெள்ளைத்தாள் ஒட்டிய இசைத்தட்டாகச் சில நூறு பிரதிகள் விட்டவரை மெச்சுகிற அதே கூட்டம், இன்னும் வெளிவராத ஒரு நண்பனின் ட்ரக்கை எடுத்துத் தன் பெயரில் போட்டவரைப் பக்கத்தில் சேர்க்காது.

அந்த எழுதாத சட்டம் தோற்றுப்போகிற இடம் நாட்டார் பாடல். அங்கே எடுக்கப்படுகிறவர் எல்லாரிலும் சிறியவர். அவருக்குப் பெயரே இல்லை என்று எடுக்கிறவர் நினைத்துக்கொள்கிறார். டீப் ஃபொரெஸ்ட் என்ற பிரெஞ்சுக் குழு 1992இல் வெளியிட்டு உலகம் முழுவதும் ஓடிய தாலாட்டு, சொலமன் தீவுகளில் அஃபுனக்வா என்ற பெண் பாடியது. இசை ஆய்வாளர் ஹியூகோ செம்ப் 1970 அளவில் பதிந்து, யுனெஸ்கோ இசைத்தட்டு வரிசையில் வெளிவந்தது. நடனத் தாளத்தின் மேல் அந்தக் குரலை ஏற்றியவர்கள் அதை மத்திய ஆபிரிக்கக் காட்டு மக்களைப் பற்றிய இசைத்தொகுப்பில் வைத்தார்கள். கேட்டவர்கள் அதை ஆபிரிக்கக் குரல் என்றே நம்பினார்கள். தான் அதற்குச் சம்மதிக்கவில்லை என்று செம்ப் பின்னர் எழுதினார். எனிக்மா என்ற பெயரில் வந்த இன்னொரு புகழ்பெற்ற பாட்டில் ஒலிப்பது தாய்வானின் ஆமிஸ் பழங்குடியைச் சேர்ந்த டிஃபாங் என்ற முதியவரும் அவர் மனைவியும் பாடிய பாட்டு. அவர்கள் 1988இல் ஐரோப்பாவுக்குப் போய்ப் பாடியபோது பதியப்பட்டது அது. 1996 அட்லாண்டா ஒலிம்பிக் விளம்பரம்வரை போன பிறகுதான் வழக்கு. 1999இல் நீதிமன்றத்துக்கு வெளியே பேசித் தீர்த்தார்கள். டிஃபாங்குக்குப் பெயர் கிடைத்ததற்குக் காரணம், அவருக்காக வழக்கறிஞர் பிடிக்க ஆட்கள் இருந்ததும், குரலைக் கேட்டு இது இவர்தான் என்று சொல்ல ஓர் ஊர் இருந்ததும்.

முள்ளியவளைப் பக்கத்தில் ஓர் ஆச்சியிடம் நான் அரிவி வெட்டுப் பாட்டொன்றைப் பதிந்தேன். வெட்டு மெசின் வந்த பிறகு வன்னியில் காலபோக அறுவடை ஒரு பின்னேரத்தில் முடிந்துவிடுகிறது. வரிசையாக நின்று குனிந்து வெட்டியவர்களுக்குத்தான் அந்தப் பாட்டின் தேவை தெரியும், அவர்களில் பாடக்கூடியவர்கள் இப்போது மிகச் சிலர். முன்னர் பதிந்து வைத்தவர்களின் நாடாக்களும் 2009இன் இடப்பெயர்வுகளோடு போய்விட்டன. "உதை ஏன் மோனை பதியிறாய், இப்ப ஆர் உதைக் கேக்கப்போகினம்" என்று சிரித்துவிட்டு, பாக்கைத் துப்பி, விறாந்தையில் கால் நீட்டி இருந்து படித்தார். இரண்டாவது அடியில் வீதியால் ஒரு லான்ட்மாஸ்டர் (இரண்டு சில்லு உழவு இயந்திரம்) போனது. திரும்பப் படிக்கச் சொல்ல மனம் வரவில்லை, அப்படியே விட்டுவிட்டேன். அவரிடமும் மகளிடமும் கேட்டு, எங்கள் கூட்டத்தில் ஒரு பெடியன் அதை வைத்து ஒரு டெக்னோ ட்ரக் செய்தான். பதிவின் மூலத்தையும், ஆச்சியின் பெயர், ஊர் போட்டு ஒரு காணொளித் தளத்தில் ஏற்றினோம்.

சில மாதங்கள் கழித்து, அந்த மூலப் பதிவு தன்னுடைய உரிமையை மீறுகிறது என்று வெளிநாட்டில் இருக்கும் ஒரு தமிழ்த் தயாரிப்பாளரின் பெயரில் எங்களுக்கு அறிவித்தல் வந்தது. எங்கள் பதிவை எடுத்து, அவர் ஒரு ட்ரக் செய்து, விநியோக நிறுவனம் ஒன்றின் மூலம் எல்லா இடமும் வெளியிட்டிருக்கிறார். அந்த நிறுவனம் அதைத் தானியங்கி அடையாள முறையில் பதிந்திருக்கிறது. அந்த முறைக்கு யார் முதலில் பாடினார், யார் முதலில் பதிந்தார் என்பதெல்லாம் தெரியாது. பதிவேட்டில் ஏற்றப்பட்ட ஒலியோடு எது ஒத்துப்போகிறதோ அதைப் பிடிக்கும். வீட்டுக்காரனையே கள்ளன் என்று குரைக்கிற நாய் மாதிரி, அது எங்களைப் பிடித்தது.

இது எங்கள் பதிவுதான் என்று காட்டுவதற்கு லான்ட்மாஸ்டர் உதவியது. அவர் ஆச்சியின் குரலை மூன்று அரைச்சுரம் உயர்த்தி, கீழ் ஒலிகளை வடிகட்டி, எதிரொலி நிறையப் பூசியிருந்தார். ஆனால் என்ஜினின் கீழ்ப்பகுதியைத்தான் வடிகட்ட முடியும்; அதன் சடசடப்பின் மேற்பகுதி குரலோடு பின்னிக் கிடந்தது. குரல் உயர்ந்தபோது என்ஜினும் அதே அளவு உயர்ந்தது. இரண்டையும் கணினியில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, அவருடையதை மூன்று அரைச்சுரம் இறக்கி, ஆச்சி மூச்சு இழுக்கிற இடத்தில் பொருத்தினால், வண்டி மதகடியில் கியர் மாற்றுகிற சத்தம்வரை ஒன்றின் மேல் ஒன்று உட்காருகிறது. இன்னொருவர் அதே பாட்டைப் பாடியிருக்கலாம். அதே அசையில் அதே வண்டி கியர் மாற்றியிருக்க முடியாது. பெடியள் அன்று இரவு அதைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டு மகிழ்ந்தார்கள். அடுத்த நாள் மறுப்பு எழுதி அனுப்பினோம்.

தயாரிப்பாளருக்கும் தனியாக எழுதினேன். மரியாதையாகவே பதில் போட்டிருந்தார். நாட்டார் பாடல்தானே அண்ணா, அது யாருக்கும் சொந்தம் இல்லை, நானும் தமிழன்தான், எங்கள் பாரம்பரியத்தை உலகத்துக்குக் கொண்டு போகிறேன் என்பது அதன் சாரம். இந்தப் பதிலில் பாதி சரி என்பதால்தான் அதற்கு மறுமொழி சொல்வது கடினம். பாட்டு யாருக்கும் சொந்தம் இல்லை. ஆனால் அவர் எடுத்தது பாட்டை அல்ல. பாட்டு வேண்டுமென்றால் அவரே பாடியிருக்கலாம். அவர் எடுத்தது ஒரு குறிப்பிட்ட மனுசி ஒரு குறிப்பிட்ட பின்னேரத்தில் பாடியதை, நான் பதிந்ததை. எங்கள் நாட்டின் 2003ஆம் ஆண்டு 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் பாட்டு, பாடியது, பதிவு என்ற இந்த மூன்றையும் தனித்தனியாகத்தான் பார்க்கிறது. எங்கும் பதியாமலே ஆக்கியவருக்கு உரிமை உண்டாகிறது, அது அவர் வாழ்நாளுக்கும் பின்னர் 70 வருடத்துக்கும் செல்லும். இந்தப் பாட்டுக்கு அப்படி ஓர் ஆக்கியவர் இல்லை. பாடியவருக்கு அவர் பாடிக்காட்டியதன் மேல் தனி உரிமை, பதிவைச் செய்தவருக்குப் பதிவின் மேல் தனி உரிமை, இரண்டும் 50 வருடம். பதிந்தவன் என்ற வகையில் எனக்குச் சட்டம் தருகிற உரிமை, பாடிய ஆச்சிக்குத் தருவதைவிட நடைமுறையில் எளிதாகப் பயன்படுத்தக்கூடியதாக இருக்கிறது, ஏனென்றால் கோப்பு என்னிடம் இருக்கிறது. இது எனக்கு வசதியான ஏற்பாடு என்பதாலேயே அதை நான் நம்புவதில்லை.

நாட்டார் வெளிப்பாடுகளுக்கென்று அதே சட்டத்தில் ஒரு பிரிவும் இருக்கிறது. அவற்றை வழமையான சூழலுக்கு வெளியேயோ வியாபாரத்துக்காகவோ பயன்படுத்துவதற்கு அமைச்சர் நியமிக்கிற அதிகாரியிடம் கட்டணம் கட்டி அனுமதி பெற வேண்டும், சேருகிற பணம் பண்பாட்டு வளர்ச்சிக்குப் போகும் என்கிறது அது. முள்ளியவளைப் பாட்டுக்குக் கொழும்பில் கட்டுகிற காசு எந்தப் பண்பாட்டை வளர்க்கும் என்று ஆச்சியின் மகள் கேட்டார், எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. ஆனால் அதே பிரிவில் இன்னொரு கடமையும் இருக்கிறது: அடையாளம் காணக்கூடிய நாட்டார் வெளிப்பாட்டைப் பொதுமக்களிடம் கொண்டு போகும்போது, அது எந்தச் சமூகத்திலிருந்து அல்லது எந்த இடத்திலிருந்து எடுக்கப்பட்டது என்பதைக் குறிப்பிட வேண்டும். காசு பற்றிய பகுதியைவிட எனக்கு இந்த ஒரு வரி பெறுமதியானதாகத் தெரிகிறது. தயாரிப்பாளர் தன் ட்ரக்கின் விபரத்தில் 'பழங்குடிக் குரல்' என்று மட்டும் போட்டிருந்தார்.

ஆச்சியிடம் கொண்டுபோய் அந்த ட்ரக்கைக் கைபேசியில் போட்டுக் காட்டியபோது, அவர் காசைப் பற்றியோ பெயரைப் பற்றியோ கேட்கவில்லை. இரண்டு தரம் கேட்டுவிட்டு, "அம்மாளாச்சியின்ர பேர் வாற இடத்தை வெட்டிப்போட்டாங்கள் எல்லோ" என்றார். அந்த அடி வற்றாப்பளை அம்மனை விளித்து முடிகிறது. நான்கு தாள வட்டத்துக்குள் அடி அடங்காததால், லூப் (திரும்பத் திரும்பச் சுழல்கிற துண்டு) சரியாக உட்காருவதற்காக அந்த விளியைக் கத்தரித்திருக்கிறார்கள். அவருக்கு அது அரைப்பாட்டு, தெய்வத்தைக் கூப்பிடப்போய்க் கூப்பிடாமல் நிற்கிற பாட்டு. ஆக்கியவருக்குத் தன் ஆக்கத்தைச் சிதைக்காமல் காக்கும் தார்மீக உரிமையைச் சட்டம் தருகிறது. ஆக்கியவர் இல்லாத பாட்டுக்கு அந்த உரிமையை யார் கேட்பது? எங்கள் பெடியன் செய்த ட்ரக்கிலும் அதே இடத்தில்தான் வெட்டு விழுந்திருந்தது என்பதை, அங்கே என்னோடு வந்திருந்த அவனே கண்டுபிடித்தான். இப்போது அவன் விளியையும் சேர்த்து லூப்பை நீட்டியிருக்கிறான். ஒவ்வொரு சுற்றிலும் குரல் தாளத்தோடு வேறொரு இடத்தில் சந்திக்கிறது, பழகாத காலுக்கு ஆடுவது கடினம், ஆனால் அவன் இதுவரை செய்ததில் அதுதான் நல்லது.

அறிவித்தல் விலக்கப்பட்டது. தயாரிப்பாளர் ஆச்சியின் பெயரையும் ஊரையும் விபரத்தில் சேர்த்தார். வருமானத்தைக் கேட்டதற்கு, பெரிதாக ஒன்றும் வரவில்லை என்றார். நிலத்தடி இசையில் அது பொய்யாக இருக்கத் தேவையில்லை, ஆனாலும் கணக்கைக் கேட்டிருக்கிறேன், இன்னும் வரவில்லை.

இனிப் பதிவதற்கு முன் ஒரு தாள் எழுதி வாங்குவது என்று கடையில் பேசி முடிவெடுத்தோம். பாடுகிறவர் பெயர், ஊர், எதை வெட்டக் கூடாது, விற்றால் எவ்வளவு யாருக்கு, அவர் இல்லாத காலத்தில் யாரைக் கேட்பது என்று தமிழில், வாசித்துக் காட்டக்கூடியதாக. களவைப் பற்றிச் சத்தம் போடுகிற அந்தப் பெடியன் மட்டும் இதற்கு ஒத்துக்கொள்ளவில்லை. தாளை நீட்டினால் பாட இருந்தவரும் பாடமாட்டார், இந்த ஊரில் கையெழுத்துக் கேட்டு வந்தவர்களால் நல்லது நடந்தது குறைவு, வாயால் கேட்டு அதையும் பதிவிலேயே பதிந்தால் போதாதா என்கிறான். அவன் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. அடுத்த சிறுபோகத்துக்கு ஒட்டுசுட்டான் பக்கம் போகும்போது தாளையும் கொண்டுபோவோம், அவன் சொன்னபடி வாயாலும் கேட்போம். பாடுகிறவருக்கு எது சரிவருகிறதோ அதை எடுத்துக்கொள்ளலாம் என்று இப்போதைக்கு விட்டிருக்கிறோம்.